வலியைவிட வலிக்கும் கேள்விகள்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சிலருடைய கண் நாற்காலியைத் தேடும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், யார் கண்ணிலும் அதிகம் படாத ஓரமாகவும் இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் நிம்மதி கிடையாது. 'மேடைக்கு வாங்க, போட்டோ எடுக்கணும்' என்று கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்க முடியாது என்று சொன்னால், 'இந்த வயசுலயே இடுப்பு வலியா? பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க!' என்பார்கள். அடுத்த விசேஷத்துக்கு மொய்ப் பணத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடத் தோன்றும்.

வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது 'நாள்பட்ட வலி'. கை முறிந்தவருக்கு மாவுக்கட்டே சாட்சி; பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். நாள்பட்ட முதுகுவலிக்கும், உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் அப்படிச் சாட்சி இல்லை. ஸ்கேனிலும் பெரும்பாலும் எதுவும் சிக்காது. 'நடிக்கிறேன் என்று நினைப்பார்களோ' என்ற பயம் அங்கேதான் முளைக்கிறது. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் முற்றி, அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் அது சமூகப் பதற்றம்.

பதற்றத்தில் தசைகள் இறுகும், தூக்கம் கெடும், கவனம் முழுக்க உடம்பின் மீதே இருக்கும். மூன்றுமே வலியைக் கூட்டுபவை. வலிக்குமோ என்று பயந்து அசையாமலே இருந்தால் உடல் தளர்ந்து வலி இன்னும் கூடும் என்பதை வ்லாயன், லின்டன் என்ற ஆய்வாளர்கள் 2000-ல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்கள். மனிதர்களைத் தவிர்ப்பதிலும் இதே சுழல்தான். போகாமல் இருக்க இருக்க, போவது மேலும் கடினமாகும்.

ஒதுக்கப்படுவதை மூளை எப்படி உணர்கிறது? 2003-ல் ஆய்வாளர் நவோமி ஐசன்பெர்கரின் குழு, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்களைக் கணினியில் பந்து விளையாட வைத்தது. திடீரென்று மற்ற ஆட்டக்காரர்கள் இவர்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது, உடல்வலியின் வேதனையில் பங்குள்ள முன்புற சிங்குலேட் பகுதி கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு என்பதால், இதற்கு என்ன பொருள் என்ற விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒதுக்கப்படும் வேதனையை அற்பமென்று தள்ள முடியாது.

அதனால் வலிக்கும் பதற்றத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தேவை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இரண்டுக்குமே பயன்படுகிறது. விசேஷத்தில் முழு நாள் இருக்க முடியாவிட்டால் அரை மணி நேரம் போய்வரலாம். 'என்னால் நிற்க முடியாது' என்று நெருங்கிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். டாக்டர்களும் 'எங்கே வலிக்கிறது?' என்பதோடு நிறுத்தாமல், 'வலியால் எங்கெல்லாம் போவதை நிறுத்தினீர்கள்?' என்றும் கேட்க வேண்டும். கேட்க ஆளில்லாதவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416-க்குக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.