செல்லுக்குள் கொழுப்பு: எது கொல்கிறது, எது காக்கிறது?

சர்க்கரை நோய் என்றதும் ரத்தச் சர்க்கரை அளவைத்தான் பார்க்கிறோம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கும் கணைய பீட்டா செல்கள் நலிந்துபோவதில் கொழுப்பு அமிலங்களுக்கும் பங்கு உண்டு என்பதை 1990-களில் அமெரிக்காவின் டல்லாஸில் ராஜர் அங்கர் குழுவினர் எலிகளில் கண்டறிந்தார்கள். இந்தப் பாதிப்புக்குக் கொழுப்பு நச்சுத்தன்மை என்று பெயர். அது செல்லுக்குள் எப்படி நிகழ்கிறது என்பதை அறிய, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களே பெரிதும் உதவுகின்றன.

இந்தச் சோதனைகளில் அதிகம் பயன்படுவது பால்மிட்டிக் அமிலம். பாமாயிலில் ஏறத்தாழ 44 சதவீதம் இதுதான். இது தண்ணீரில் கரையாது. எனவே சூடாக்கிக் கரைத்து, அல்புமின் புரதத்தோடு சேர்த்துச் செல்களுக்குக் கொடுக்கிறார்கள். நம் ரத்தத்திலும் கொழுப்பு அமிலங்களைச் சுமந்து செல்வது அல்புமின்தான். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் அல்புமின் கொடுத்த தட்டும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டும் 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் இருந்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரியும்: பால்மிட்டிக் அமிலம் மிகுந்த தட்டில் பல செல்கள் சுருங்கி, உருண்டு, தட்டின் அடியை விட்டு மிதக்கும்.

ஆலிவ் எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் நிறைந்துள்ள ஒலீயிக் அமிலத்தைக் கொடுத்தால், செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் பெருகும். சிவப்புச் சாயம் ஏற்றினால் அவை பளிச்சென்று தெரியும். ஆனாலும் செல்கள் பிழைத்திருக்கும். இரண்டு அமிலங்களையும் சேர்த்துக் கொடுத்தாலும் சாவு பெருமளவு குறைகிறது. காரணத்தை 2003-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள்: ஒலீயிக் அமிலம் பால்மிட்டிக்கையும் டிரைகிளிசரைடு என்னும் சேமிப்புக் கொழுப்பாக மாற்றித் துளிகளுக்குள் சேமிக்க வைக்கிறது. டிரைகிளிசரைடு உருவாக்கும் திறன் குன்றிய செல்களிலோ, சாதுவான ஒலீயிக் அமிலமே நஞ்சாகிவிட்டது.

ஆக, துளியாகச் சேர்ந்த கொழுப்பு அந்த நேரத்துக்குச் செல்லைக் காக்கிறது. சேமிக்க வழியில்லாமல் மிஞ்சும் பால்மிட்டிக் அமிலம்தான் செராமைடு என்னும் வேறொரு கொழுப்புப் பொருளாக மாறுகிறது. செல்லின் உட்சவ்வுகளை விறைக்க வைக்கிறது. புரதங்கள் மடிந்து உருப்பெறும் வேலையைக் குலைக்கிறது. நெருக்கடி நீடித்தால் செல் தன்னையே அழித்துக்கொள்கிறது.

தட்டில் கண்டதை அப்படியே சாப்பாட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது. பல சோதனைகளில் அல்புமினின் மீது ஏற்றப்படும் கொழுப்பு அமிலம் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். தட்டில் கல்லீரலும் இல்லை, கொழுப்புத் திசுவும் இல்லை. நம் உடலில், உண்ணாத நேரங்களில் ரத்தத்துக்குக் கொழுப்பு அமிலங்களை விடுவிப்பது கொழுப்புத் திசுவே. இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது இந்த விடுவிப்பு அளவு மீறுகிறது. ஆகவே எந்த எண்ணெய் என்று மட்டும் பார்த்தால் போதாது. மொத்தத்தில் எவ்வளவு சாப்பிடுகிறோம், எவ்வளவு நடக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். உழைக்கும் தசை கொழுப்பு அமிலத்தை எரித்துவிடும்.