'வேண்டாம்'னா கை தட்டுற ஸ்கூல்!

ஒரே ஒரு கேள்வி. நீங்க யு.கே.ஜி. படிக்கிறப்ப டீச்சரைப் பார்த்து, 'வேண்டாம்... முடியாது'ன்னு சொல்லியிருந்தா என்ன கிடைச்சிருக்கும்? கிளாஸ்ல முட்டி போட வெச்சிருப்பாங்க. டைரியில சிவப்பு மை. வீட்டுக்கு வந்தா அம்மாகிட்ட தனி அர்ச்சனை!

ஆனா, ஒரு பையன் 'வேண்டாம்'னு சொன்னதுக்கு ஒரு ஸ்கூலே சேர்ந்து கை தட்டினதை நான் கண்ணால பார்த்தேன். அவன் வேண்டாம்னு சொன்னது யாருகிட்டன்னு கேக்குறீங்களா? சாட்சாத் என்கிட்டதான்!

நான் இ.சி.இ. மூணாவது வருஷம். என்.எஸ்.எஸ்-ல சேர்ந்ததே சர்ட்டிஃபிகேட்டுக்காகத்தான் (உண்மையைச் சொல்லிடணும்ல!). எங்க யூனிட்டுக்குப் பத்து சனிக்கிழமை ஒரு சிறப்புப் பள்ளியில வேலை போட்டாங்க. அறிவுசார் குறைபாடு, ஆட்டிஸம் உள்ள பசங்க படிக்கிற ஸ்கூல். பேரும் ஊரும் வேண்டாமே... ஏன்னு கட்டுரை முடியறதுக்குள்ள உங்களுக்கே புரிஞ்சிடும்.

முதல் நாளே பல்பு!

ரெண்டு கிலோ சாக்லேட், பதினாலு செல்போன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு முன்கூட்டியே யோசிச்சு வெச்ச டயலாக்... இப்படி ஏகப்பட்ட பில்டப்போட போய் இறங்கினோம். கேட்லயே தலைமை ஆசிரியை ஒரு அட்டைப் பெட்டியோட நின்னாங்க. போன் எல்லாம் அதுக்குள்ள போச்சு. ஐ.டி. கார்டு ஜெராக்ஸ், முகவரி, உள்ளே வந்த நேரம், கையெழுத்து எல்லாம் கொடுக்கணும்.

''என்ன மேடம், ஏர்போர்ட் மாதிரி செக்கிங்?''னு எங்க செட்டுல ஒருத்தன் வாயை விட்டான். அவங்க சிரிச்சுட்டே சொன்னாங்க... ''ஏர்போர்ட்ல அசந்தா பெட்டிதான் போகும் தம்பி!''

அப்புறம் ரூல்ஸ். போட்டோ கூடாது. எந்தப் பிள்ளையோடவும் மூடின அறையில தனியா இருக்கக் கூடாது. நாமளா போய்க் கட்டிப்பிடிக்கிறது, தூக்குறது, சாக்லேட் கொடுக்கிறது... எதுவும் கூடாது.

கடைசி ரூலைக் கேட்டதும் எனக்குத் திக்குனு ஆச்சு. ஏன்னா, கேட் பக்கத்துல நின்ன ஒரு பையனுக்கு நான் ஏற்கெனவே சாக்லேட் கொடுத்துட்டேன்! பன்னிரண்டு வயசு இருக்கும். நீலச் சட்டை. பேச்சு வராது. வாங்கிச் சாப்பிட்டுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு கூடவே நடந்து வந்தான். 'ஆஹா, என்ன பாசம்!'னு நான் உருகிட்டு இருந்தேன்.

தலைமை ஆசிரியை எங்க கைகளைப் பார்த்தாங்க. ''உங்களை இதுக்கு முன்னாடி அவன் பார்த்திருக்கானா தம்பி?''

''இல்ல மேடம்.''

''அப்ப நாளைக்கு வேற யாராவது சாக்லேட் நீட்டினாலும் இப்படித்தானே கூடப் போவான்?''

அவங்க குரல்ல கோபமே இல்லை. அதனாலதான் அது இன்னும் பலமா அடிச்சுது.

எல்லாத்துக்கும் 'சரி'!

யோசிச்சுப் பாருங்க. நமக்கு மூணு, நாலு வயசுல இருந்தே 'நானே குளிப்பேன், நானே சட்டை போட்டுப்பேன்'னு ஒரு பிடிவாதம் வந்துடும். இந்தப் பிள்ளைங்கள்ல பலருக்குப் பத்து வயசைத் தாண்டியும் யாராவதுதான் குளிப்பாட்டணும், டிரெஸ் மாத்தணும். 'உக்காரு'ன்னா உக்காரணும், 'கையை நீட்டு'ன்னா நீட்டணும். சொன்னதைக் கேட்டா 'குட் பாய்'! இப்படியே வளர்ற குழந்தைக்கு, 'என் உடம்பு என்னுடையது, பிடிக்கலைன்னா தடுக்கலாம்'ங்கிற நினைப்பு எங்கிருந்து வரும்?

வரலைன்னா என்ன ஆகும்? 2018-ல் சென்னையில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல, செவித்திறன் குறைந்த 11 வயசு சிறுமிக்கு மாசக்கணக்குல நடந்த கொடுமையை நாம யாரும் மறக்க முடியாது. சிக்கினவங்க அந்தக் குடியிருப்புலயே வேலை பார்த்தவங்க. 2020 பிப்ரவரியில 15 பேருக்குத் தண்டனை கிடைச்சுது. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள்ல பெரும்பாலும் மாட்டுறவங்க குழந்தைக்கு ஏற்கெனவே தெரிஞ்சவங்கதான்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட அறிக்கைகள் வருஷா வருஷம் சொல்லுது. முன்பின் தெரியாத 'பூச்சாண்டி'யை மட்டும் காட்டிப் பயமுறுத்தினா போதாது பாஸ்!

பல் தேய்க்க ஒரு ஃப்ளோ சார்ட்!

உள்ளே போய்ப் பார்த்தா, அந்த ஸ்கூல் நடக்கிற விதமே நம்ம லேப் மாதிரி இருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி பாடத்திட்டம். பல் தேய்க்கிறதைக்கூட பிரஷ் எடு, மூடியைத் திற, பேஸ்ட் வை, வாயைக் கொப்பளின்னு குட்டிக் குட்டி ஸ்டெப்பா உடைச்சு, சுவர்ல படமா ஒட்டி வெச்சிருக்காங்க. சில பிள்ளைகளுக்குக் கடைசி ஸ்டெப்ல இருந்து பின்னோக்கிக் கத்துக் கொடுக்கிறாங்க. முதல்ல எல்லாத்தையும் டீச்சர் செஞ்சு, வாய் கொப்பளிக்கிறதை மட்டும் பிள்ளைகிட்ட விடுவாங்க. 'முடிச்சுட்டேன்!'ங்கிற சந்தோஷம் முதல் நாளே கிடைச்சிடும். நம்ம புரொஃபசர்களும் இப்படி ஆரம்பிச்சா அரியர்ஸே விழாது!

இதுக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். ''தானே கழுவிக்கத் தெரிஞ்ச பிள்ளையை அடுத்தவங்க தொட வேண்டிய அவசியம் குறையுது இல்ல?''ன்னாங்க ஒரு டீச்சர். அடடா!

பாத்ரூமுக்கு எந்தப் பிள்ளைக்கு யார் உதவணும்னு எழுதியே வெச்சிருக்காங்க. தொடுறதுக்கு முன்னாடி, 'இப்ப பேன்ட்டைக் கழட்டப் போறேன், சரியா?'ன்னு கேட்டுட்டுதான் தொடணும். பேச்சு வராத பிள்ளைகளோட இடுப்புல ஒரு வளையம் தொங்குது. அதுல படக் கார்டுகள். தண்ணி, பாத்ரூம், வலிக்குது... கூடவே பச்சையில 'சரி', சிவப்புல 'வேண்டாம்'. படத்தைக் கொடுத்துப் பேசுற ஒரு முறையை 1985-ல் அமெரிக்காவுல ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட்னு ரெண்டு பேர் உருவாக்கினாங்க. இன்னைக்கு உலகம் முழுக்கப் பல சிறப்புப் பள்ளிகள்ல புழங்குது.

அப்புறம் ஒரு நோட்டு. நல்லா இருந்த பிள்ளை திடீர்னு வேன்ல ஏற மறுக்கும். மறுபடியும் படுக்கையை நனைக்க ஆரம்பிக்கும். தன் கையைத் தானே கடிச்சுக்கும். 'அது அப்படித்தான்'னு விட்டுடாம தேதி, நேரம், பார்த்தது, கேட்டது மட்டும் எழுதி வைக்கிறாங்க. யூகம் எதுவும் கூடாது. காரணம் வெறும் பல் வலியாவும் இருக்கலாம். வெளியே சொல்ல முடியாத வேற எதாவும் இருக்கலாம்.

வலிப்பு வந்தா என்ன செய்யணும்னும் சொல்லிக் கொடுத்தாங்க. சினிமாவுல காட்டுற சாவிக்கொத்து, இரும்பு எல்லாம் சுத்த வேஸ்ட்! வாயில எதையும் திணிக்கக் கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பக்கத்துல இருக்கிற கூர்மையான பொருளை நகர்த்திட்டு, தலைக்குக் கீழே மெத்துனு எதையாவது வெச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாட்ச்சைப் பார்க்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா 108-ஐக் கூப்பிடணும்.

சட்டம் என்ன சொல்லுது?

2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியாகணும். டீச்சர், ஆயா, வாலன்டியர்னு யாருக்கும் விலக்கு இல்லை. மறைச்சா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா அபராதம், ரெண்டும்கூடக் கிடைக்கலாம். நிறுவனத்தோட பொறுப்பாளர் தனக்குக் கீழே வேலை பார்க்கிறவரோட குற்றத்தை மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும்! நல்லெண்ணத்தோட தகவல் சொன்னவங்க மேல அதுக்காக வழக்குப் போட முடியாது. மாற்றுத்திறன் குழந்தை வாக்குமூலம் கொடுக்கும்போது சிறப்பு ஆசிரியரோ, அந்தக் குழந்தையோட மொழி புரிஞ்சவரோ உதவிக்கு வரலாம். குழந்தையோட பேர், முகவரி, ஸ்கூல் எதையும் மீடியா வெளியிடக் கூடாது. பிள்ளைகளோட தொடர்புல இருக்கிற எல்லா ஊழியர்களையும் போலீஸ் மூலமா சரிபார்க்கணும்னு 2020-ல் வந்த போக்சோ விதிகள் சொல்லுது. கேட்ல அந்த 'ஏர்போர்ட் செக்கிங்' ஏன்னு இப்பப் புரியுதா?

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடுகள் இருக்கு. 40 சதவிகிதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை. பக்கத்துல இருக்கிற சாதாரண ஸ்கூலா, சிறப்புப் பள்ளியாங்கிறது அவங்க சாய்ஸ்.

அந்த எட்டாவது சனிக்கிழமை!

இப்ப நீலச் சட்டை கதைக்கு வருவோம். ஏழு வாரத்துல நாங்க செம தோஸ்த் ஆகிட்டோம். 'யார் எது கொடுத்தாலும் முதல்ல டீச்சர்கிட்ட காட்டணும்'னு அவனுக்கு தினமும் பாடம் நடந்துட்டு இருந்துச்சு. அதுல ஒரு பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ''தெரியாதவங்களை வெச்சுப் பழக்கியாச்சு. இப்ப அவனுக்குப் பிடிச்ச ஆளே கொடுக்கணும். அதுதான் கஷ்டம்''னாங்க தலைமை ஆசிரியை.

ஆறாவது வாரம் சாக்லேட்டை நீட்டினேன், வாங்கிட்டான். ஏழாவது வாரமும் அப்படியே. எனக்கு முகம் தொங்கிப்போச்சு. ''கார்டு காட்டலைன்னா அது அவன் தப்பில்ல தம்பி. அவனைக் காப்பாத்த வேண்டியது பெரியவங்க நாமதான். இது அவன் கையில கொடுக்கிற கூடுதல் குடை, அவ்வளவுதான்''னாங்க.

எட்டாவது வாரம். நீட்டினேன். சாக்லேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கை பாதி தூரம் வந்துச்சு. நின்னுச்சு. இடுப்பு வளையத்துல விரல் தேடுச்சு. சிவப்புக் கார்டு! அதை என் முகத்துக்கு நேரா காட்டிட்டு, விறுவிறுன்னு டீச்சர்கிட்ட ஓடிட்டான்.

கை தட்டல் அடங்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. சாயங்காலம் கூட்டிட்டுப் போக வந்த அவன் அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னோம். ''வீட்லயும் இப்ப எல்லாத்துக்கும் வேண்டாம்தான் மேடம். நேத்து என் சாம்பாருக்கே சிவப்புக் கார்டு!''னு சிரிச்சாங்க. சிரிச்சுட்டே முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

நீங்க போறீங்களா?

கண்டிப்பா போங்க. ஆனா, பர்த்டேக்கு கேக் வெட்டி செல்ஃபி எடுக்க மட்டும் போகாதீங்க. மாசம் ஒரு நாள்னாலும் சொன்ன நாள்ல போங்க. கேட்ல கேள்வி கேட்டா கோபப்படாதீங்க. கேள்வியே கேட்காம உள்ளே விடுற இடத்தைப் பார்த்துதான் யோசிக்கணும். ஒரு பிள்ளை உங்ககிட்ட எதையாவது சொல்ல வந்தா, பதறாம கேளுங்க. துருவித் துருவி விசாரிக்காதீங்க. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'னு சத்தியம் பண்ணாதீங்க. உடனே பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க. அவர் மேலயே சந்தேகம்னா நேரா போலீஸ், இல்லன்னா 1098. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

பத்தாவது சனிக்கிழமை. கிளம்பும்போது நீலச் சட்டை முன்னாடி மண்டி போட்டு, கையை மட்டும் நீட்டிட்டுக் காத்திருந்தேன். அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம் வளையத்தைத் திருப்பி, பச்சைக் கார்டைக் காட்டிட்டு, கை கொடுத்தான்.

முதல் நாள் பிடிச்ச அதே கைதான். ஆனா, இந்தத் தடவை அவனே முடிவு பண்ணிக் கொடுத்தது!