குளிரில் தூங்கும் அருகம்புல்

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும், டில்லி கோல்ப் மைதானங்களில் பந்து உருளும் பச்சைக் கம்பளமும் ஒரே குடும்பம் என்றால் நம்புவீர்களா? குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் 'கிரீன்' பகுதியில் வடநாட்டில் பெரும்பாலும் வளர்ப்பது 'பெர்முடா' புல். அது நம் அருகம்புல்லின் கலப்பினமே.

வெயில் என்றால் இதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரி செல்சியஸ் சூட்டில் செழித்து வளரும். தரையின் சூடு 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பழுப்பேறித் தூங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், தலைநகரில் கோல்ப் ஆட ஏற்ற பருவம் குளிர்காலம்தான். மே மாத 'லூ' காற்றில் யார் மட்டையைத் தூக்குவார்கள்? ஆக, புல் சோர்ந்து கிடக்கும் மாதங்களில்தான் அதை அதிகக் கால்கள் மிதிக்கின்றன. ஆகஸ்டில் பட்ட காயம் சில நாட்களில் ஆறும். ஜனவரியில் பட்ட வடுவோ மார்ச் வரை மாறாது.

மண்ணைத் துளையிட்டு மணல் தூவும் வேலையைக் குளிருக்கு முன்பே, புல் வளரும்போதே, முடித்துவிட வேண்டும். கோடையில் 3, 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டும் இயந்திரத்தைக் குளிரில் சற்றே உயர்த்துவார்கள். பந்து மெதுவாக ஓடுகிறது என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். இலை அதிகம் இருந்தால்தான் மங்கலான வெயிலிலும் புல்லுக்கு உணவு கிடைக்கும். 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழியையும் அடிக்கடி இடம் மாற்றுவார்கள். ஒரே இடத்தில் கூட்டம் நின்றால் மண் இறுகிவிடும்.

பெரிய எதிரி பனித்துளி. மூடுபனி நாட்களில் வெகுநேரம் காயாத ஈரம் பூஞ்சை நோய்க்கு அழைப்பு. அதனால் விடியற்காலையில் மாலிகள் நீண்ட கழியால் பனியைத் தட்டி விடுகிறார்கள். விரல் விறைக்கும் அந்த வேலையை ஆட வருபவர்கள் பார்ப்பதே இல்லை. தண்ணீரையும் மாலையில் விடாமல், வெயில் ஏறிய பின்பே அளவாக விடுவது நல்லது.

பழுப்பை மறைக்க அக்டோபர், நவம்பரில் 'ரை' புல் விதையை மேலே தூவுவதும் உண்டு. குளிர் முழுவதும் கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை! ஆனால் விருந்தாளி எளிதில் போகமாட்டான். மார்ச்சில் பெர்முடா விழிக்கும்போது வெளிச்சம், தண்ணீர், உரம் மூன்றுக்கும் போட்டிக்கு நிற்கும். மேலாளர் அசந்தால், ஏப்ரல் வெயிலில் ரை கருகும். அடியில் பெர்முடாவும் நலிந்து கிடக்கும். அப்போது தெரிவது வெறும் மண்.