உபரி என்று யாரைச் சொல்வது?

2018 ஜூன். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு பக்கம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது. கிளம்பிய அவரைப் பிள்ளைகள் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டும் இடுப்பைக் கட்டிக்கொண்டும் வாய்விட்டு அழுதார்கள். அவரும் அழுதார். பெற்றோர் திரண்டு வந்தார்கள். மாறுதல் பத்து நாள் தள்ளிப்போனது. பிள்ளைகள் அவரைக் கட்டிக்கொண்டு அழும் படத்தை ஏ.ஆர். ரகுமான் வரைக்கும் பகிர்ந்தார்கள். பகவானுக்கு அப்போது 28 வயது. 2014இல் சேர்ந்த அந்தப் பள்ளிதான் முதல் வேலை.

அந்த அழுகையை நாடே பேசியது. மாறுதல் ஏன் வந்தது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. 'பணி நிரவல்' என்பார்கள். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் மாணவர் தலையை எண்ணி, அந்த எண்ணிக்கைக்குத் தேவையானதற்கு மேல் இருக்கும் ஆசிரியரை 'உபரி' என்று எழுதி, ஆள் தேவைப்படும் பள்ளிக்கு அனுப்புவது. பணியில் இளையவர் முதலில் போக வேண்டும். ஆளே இல்லாத பள்ளிக்கு ஆள் வேண்டும்தானே, அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் ஆங்கில ஆசிரியர் விஷயத்தில் இந்தத் தலைக்கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது. அது என்னவென்று தர்மபுரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வெளியகரம் ஆந்திர எல்லை ஊர். அந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கமும் அப்படித்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். தர்மபுரிக்கு 68.5, மாநிலத்திலேயே கடைசி இடம். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டுப்பாடத்தில் ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் கேட்க வீட்டில் ஆளில்லை. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் ஆங்கிலம் தெரிந்த ஒரே மனிதர் அந்த ஆசிரியர்தான்.

ஆறாம் வகுப்புக்கு வரும்போது பி எது, டி எது என்று தடுமாறுகிறவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் அதே பிள்ளை பொதுத்தேர்வில் 35 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். மனப்பாடப் பாடல், கடிதம், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்வி என்று மதிப்பெண் கிடைக்கும் இடங்களைப் பொறுக்கி, 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலை வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு எடுத்து ஆசிரியர்கள் கரை சேர்க்கிறார்கள். இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த 35 இல்லாவிட்டால் பிளஸ் ஒன் கிடையாது. படிப்பு நின்ற பெண்பிள்ளைக்கு இந்த மாவட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணப் பேச்சு வரும். நான்கு நாள் வராத பெண்ணின் வீட்டைத் தேடிப் போய் விசாரிப்பதும் அந்த ஆசிரியரின் வேலையாகிவிடுகிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் அது எழுதியிருக்காது.

தேர்ச்சிக்கு அப்பால் இன்னொன்று இருக்கிறது: வாயைத் திறக்க வைப்பது. கணக்கில் தப்பு செய்த பிள்ளை நோட்டை மூடி மறைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் பேசுவதென்றால் எல்லோர் காதிலும் விழத் தப்பு செய்தாக வேண்டும். சிரிக்கமாட்டார் என்று நம்பும் ஒருவர் முன்னால்தான் பிள்ளை அதற்குத் துணியும். பகவான் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்? பாடத்தோடு கதை சொன்னார், ப்ரொஜெக்டரில் படம் போட்டுக் காட்டினார், வீட்டு நிலைமையை விசாரித்தார், என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். இப்படி நாலு வருஷம். அந்த நம்பிக்கை ஒரு பருவத்தில் வந்துவிடாது. ஆறாம் வகுப்பில் கைபிடித்தவர் பத்தாம் வகுப்பிலும் இருந்தால்தான் பலிக்கும். நடுவில் ஆளை மாற்றினால் பிள்ளை திரும்ப வாயை மூடிக்கொள்ளும். புதிதாக வருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்களையும் குறை சொல்லக் கூடாது. சொந்த ஊரை விட்டு வந்து, வயதான தாயை அங்கே வைத்துவிட்டு, இங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு மாறுதல் கலந்தாய்வுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விரும்பிக் கேட்டுப் போகிறவரைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது, இருக்க விரும்புகிறவரையும் உபரி என்று பெயர் சூட்டி அனுப்பாதீர்கள் என்பதுதான். முதல் தலைமுறைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், கையில் இருக்கும் பத்தாம் வகுப்பு தேர்வு எழுதி முடிக்கும்வரையாவது ஆங்கில ஆசிரியரைப் பணி நிரவலிலிருந்து விலக்கி வைக்கலாம். அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். நல்ல ஆசிரியரை அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தால், பள்ளி வாசலில் பிள்ளைகள் அழும்வரை காத்திருக்காமல், குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள்.