அகலக்கால் வைத்து அழிந்த லீக்

விரலுக்குத் தகுந்த வீக்கமே வேண்டும் என்பது நம் முன்னோர் கூறிச் சென்ற எச்சரிக்கை. அதனைப் பொருட்படுத்தாத வர்த்தக முயற்சிகள் என்ன கதியை அடையும் என்பதற்கு, 1983 முதல் 1985 வரை மூன்று பருவங்கள் மட்டுமே நடைபெற்ற அமெரிக்காவின் யு.எஸ்.எஃப்.எல். என்ற விளையாட்டு லீக் தக்க சான்றாகும். அந்த லீக்கில் 1984 இல் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஆறு அணிகளின் வரலாறு, விளையாட்டில் நாட்டமில்லாதோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று என நாம் கருதுகின்றோம்.

அமெரிக்கர் ‘ஃபுட்போல்’ என அழைப்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. ரக்பியை ஒத்த, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. இதன் பெரும் லீக்கான என்.எஃப்.எல்., இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் போட்டிகளை நடத்துகின்றது. ஒரு நகரத்தின் பெயரில் அணி நடத்தும் உரிமத்தைச் செல்வந்தர்கள் லீக்கிடம் விலைக்கு வாங்குவது அங்குள்ள வழக்கம். பிற்காலத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் மூலம் நமது பிராந்தியத்திற்கும் அறிமுகமான முறை இதுவேயாகும்.

என்.எஃப்.எல். ஓய்வெடுக்கும் வசந்தகாலத்தில் போட்டிகளை நடத்தினால் புதிய லீக் ஒன்று பிழைத்துக்கொள்ளும் என நியூ ஓர்லியன்ஸ் நகர வர்த்தகரான டேவிட் டிக்சன் நம்பினார். வீரர்களின் சம்பளத்திற்கு உச்சவரம்பு, நிதானமான வளர்ச்சி என்பனவே அவரது திட்டத்தின் அச்சாணிகள். 1983 இல் 12 அணிகளுடன் ஆட்டம் ஆரம்பமாயிற்று. ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ஆதரவும் கிட்டியது. ஆயினும் நட்சத்திர வீரர்களை இழுப்பதற்காக உரிமையாளர்கள் போட்டிபோட்டுப் பணத்தை வாரியிறைத்ததால், முதலாவது பருவத்திலேயே திட்டம் தடம் புரண்டது.

வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்தவர்கள் செலவைக் குறைத்திருக்க வேண்டும். மாறாக, அவர்கள் அணிகளைப் பெருக்கினார்கள். புதிதாக வருவோர் செலுத்தும் நுழைவுக் கட்டணம், பழைய உரிமையாளர்களின் நட்டத்தை ஈடுசெய்யும் குறுக்குவழியாகத் தென்பட்டது. இதனால் 1984 இல் பிட்ஸ்பேர்க், ஒக்லஹோமா, சான் அன்ரோனியோ, ஹூஸ்டன், மெம்பிஸ், ஜாக்சன்வில் ஆகிய ஆறு அணிகள் சேர்க்கப்பட்டு மொத்த எண்ணிக்கை 18 ஆக உயர்ந்தது. ஒரே ஆண்டில் ஐம்பது வீத அதிகரிப்பு!

இந்த ஆறும் ஒரே தரத்தவை அல்ல. பிட்ஸ்பேர்க் அணியின் உரிமையாளரான எட்வேர்ட் டிபார்டலோ, வணிக வளாகங்கள் கட்டிப் பெரும் செல்வம் சேர்த்தவர். பணபலம் இருந்தும் அவரது அணி 18 போட்டிகளில் மூன்றில் மாத்திரமே வென்றது. ஒக்லஹோமா அணி முதல் எட்டுப் போட்டிகளில் ஆறில் வென்றுவிட்டு, எஞ்சிய பத்திலும் தொடர்ச்சியாகத் தோற்றது. மறு ஆண்டே அது அரிசோனா அணியுடன் இணைந்து அந்த மாநிலத்திற்கே இடம்பெயர்ந்தது. சான் அன்ரோனியோவிலோ நிலைமை மேலும் மோசம். எண்ணெய் வர்த்தகர் ஒருவருக்குச் சொந்தமான அந்த அணியின் வீரர்களுக்கு வழங்கப்பட்ட சம்பளக் காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பின. உழைத்தவனின் கூலியைக் கொடுக்க இயலாத அணியின் உரிமம் 1985 இல் பறிக்கப்பட்டது.

மறுபுறத்தில், ஜிம் கெல்லி என்ற இளம் வீரரின் ஆற்றலால் ஹூஸ்டன் அணி முதலாண்டிலேயே 18 இல் 13 போட்டிகளில் வெற்றி பெற்றது. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ரெஜி வைற் மெம்பிஸ் அணியில் ஆடினார். புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் அணியைக் காணத் திரண்ட கூட்டமோ சராசரியாக நாற்பதினாயிரத்தைத் தாண்டியது. என்.எஃப்.எல். அணி இல்லாத அந்நகர மக்கள் இந்த அணியைத் தமதாகவே வரித்துக்கொண்டனர்.

எனவே ரசிகர்கள் இல்லாமையே தோல்விக்குக் காரணம் எனக் கூறிவிட முடியாது. லீக்கின் அத்திவாரத்தைத் தகர்த்தது 1984 ஆகஸ்ட் மாதத்தில் உரிமையாளர்கள் எடுத்த தீர்மானமே. 1986 முதல் வசந்தகாலத்தைக் கைவிட்டு, இலையுதிர்காலத்தில் என்.எஃப்.எல். உடன் நேருக்கு நேர் மோதுவதென அவர்கள் முடிவெடுத்தனர். இதற்காக முன்னின்று வாதிட்டவர், நியூ ஜேர்சி அணியை வாங்கியிருந்த, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான டொனால்ட் ட்ரம்ப். என்.எஃப்.எல். அணிகள் ஏற்கனவே வேரூன்றியிருந்த நகரங்களில் இது தற்கொலைக்கு ஒப்பானது. பிட்ஸ்பேர்க் அணி சில வாரங்களிலேயே கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் சம்பியனான பிலடெல்பியா அணியே பால்டிமோருக்குக் குடிபெயர நேர்ந்தது.

அதன்பின் எஞ்சியிருந்த நம்பிக்கை நீதிமன்றம் மாத்திரமே. ஏகபோகத்தைப் பிரயோகித்துத் தம்மை நசுக்கியதாக என்.எஃப்.எல். மீது வழக்குத் தொடரப்பட்டது. 1986 ஜூலை 29 ஆம் திகதி ஜூரிகள் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டனர். ஆனால் அவர்கள் வழங்கிய நட்டஈடு ஒரேயொரு டொலர்! சட்டப்படி அது மும்மடங்காக்கப்பட்டு மூன்று டொலராயிற்று. லீக்கின் வீழ்ச்சிக்கு அதன் சொந்தத் தவறுகளும் காரணம் என்ற எண்ணம் ஜூரிகளிடையே நிலவியது. இலையுதிர்காலப் பருவத்திற்கு அப்போது எட்டு அணிகளே தயாராக இருந்தன. ஆறு புதிய அணிகளில் ஜாக்சன்வில்லும் மெம்பிஸும் மட்டுமே தம் சொந்தப் பெயருடன் அவற்றுள் எஞ்சியிருந்தன. அந்தப் பருவமும் ஆரம்பமாகாமலேயே கைவிடப்பட்டது.

ஜாக்சன்வில் ரசிகர்களின் ஆதரவு வீண்போகவில்லை. 1993 இல் என்.எஃப்.எல். உரிமம் அந்நகருக்கு வழங்கப்பட்டு, 1995 முதல் அதன் அணி களமிறங்கியது. மெம்பிஸின் விண்ணப்பமோ நிராகரிக்கப்பட்டது.

உரிமத்தை விற்பதையே வருமானமாகக் கொள்ளும் லீக், விதைநெல்லைச் சமைத்து உண்ணும் விவசாயியைப் போன்றது. பசி ஒரு வேளை தீரும். அடுத்த போகத்திற்கு எதுவும் மிஞ்சாது. ஐ.பி.எல். கூட 2011 இல் புதிதாகச் சேர்த்த கொச்சி அணியை ஒரே பருவத்துடன் இழந்தது. வாங்க வருவோரின் பணப்பையை மட்டும் பாராது, அவர்களது பொறுப்புணர்வையும் அந்நகர மக்களின் ஈடுபாட்டையும் எடைபோட்ட பின்னரே உரிமம் வழங்கப்பட வேண்டும். ஏனெனில், அணி ஒன்று மூடப்படும்போது உரிமையாளர் வேறு தொழிலை நாடிச் செல்வார். ஏமாற்றத்தைச் சுமப்பவர்கள் சம்பளம் கிடைக்காத வீரனும், பற்றுச்சீட்டு வாங்கி நம்பிக்கையோடு காத்திருந்த ரசிகனுமே.