மாலை ஐந்து மணிக்குப் பிறகு

பள்ளி மாணவர்களை ஐந்தாறு வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கவைத்துப் பாடம் நடத்தும் கோடை முகாமுக்கு அறிவிப்பு வந்தால், பெற்றோர் முதலில் கேட்பது, "என்ன பாடம் எடுப்பார்கள்?" என்பதுதான். அடுத்தது, "சர்டிபிகேட் தருவார்களா?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இத்தகைய முகாம்களில் பெயர்பெற்றவற்றைக் கூர்ந்து பார்த்தால், வகுப்பு நடக்கும் நேரம் வியக்கத்தக்க அளவு குறைவு. அதே பாடத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம், யூடியூபில் பார்த்துவிடலாம். பிறகு எதற்குப் பெட்டி படுக்கையோடு போக வேண்டும்? பிடிபடாத ஒரு கேள்வியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவதற்கு வேறெங்கும் இப்படி நேரம் கிடைக்காது. அதைக் கிறுக்குத்தனமாகப் பார்க்காத சகாக்களும் கிடைக்க மாட்டார்கள். முகாமின் பாடம் பெரும்பகுதி விடுதியில்தான் நடக்கிறது என்பதே என் வாதம்.

அமெரிக்காவின் ராஸ் கணித முகாமை எடுத்துக்கொள்வோம். அதைத் தொடங்கிய ஆர்னால்ட் ராஸ் 1906இல் சிகாகோவில் பிறந்து ஒடெஸாவில் வளர்ந்தவர். நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கென அவர் நடத்திவந்த கோடை வகுப்பில் 1957 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் சேர்த்தார். சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் செயற்கைக்கோளைப் பார்த்து மிரண்டுபோய் அமெரிக்கா தொடங்கிய திட்டங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்புட்னிக் பறந்தது அந்த ஆண்டு அக்டோபரில், முகாம் அதற்கு முந்தைய கோடையிலேயே நடந்துவிட்டது. ஸ்புட்னிக்கால் வந்தது அரசுப் பணம். 1964இல் முகாம் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும், 2000 வரை, ராஸே அதை நடத்தினார். அவரிடம் படித்த கிளென் ஸ்டீவன்ஸ் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதே பாணியில் 'ப்ராமிஸ்' என்ற முகாமைத் தொடங்கினார்.

அங்கே கற்பிப்பது எண்கோட்பாடு. ஆனால் தேற்றத்தைச் சொல்லி, நிரூபித்துக் காட்டி, பயிற்சிக் கணக்கு கொடுக்கும் வழக்கம் கிடையாது. வேலை தலைகீழாக நடக்கிறது: தினமும் ஒரு கணக்குத்தாள் வரும், அதே விஷயம் வகுப்பில் சில நாள் கழித்துத்தான் பேசப்படும். ஒரு மாதிரி பார்க்கலாம். ஏழால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்கில், 3ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால் 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். 1 முதல் 6 வரை ஒன்றுவிடாமல் எல்லாம் வந்துவிட்டன. 2ஐப் பெருக்கினால் 2, 4, 1 என்று பாதியிலேயே சுற்று முடிந்துவிடுகிறது. 11ஐ வைத்துப் பார்த்தால் 2 ஒன்றே பத்து எண்களையும் சுற்றிவருகிறது. 8ஐ வைத்துப் பார்த்தாலோ 3, 5, 7 மூன்றும் இரண்டாவது படியிலேயே 1க்கு வந்து நின்றுவிடுகின்றன. பகா எண்ணாக இருந்தால்தான் முழுச் சுற்று வரும்போலிருக்கிறது என்று மாணவி எழுதிவைப்பாள். மறுநாள் யாரோ 9ஐ முயன்று பார்ப்பார்கள்: 2, 4, 8, 7, 5, 1. மூன்றால் வகுபடாத ஆறு எண்களும் வந்துவிட்டன, ஆனால் 9 பகா எண் அல்ல. ஊகம் உடைந்தது. அதைத் தூக்கி எறிவதா, ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதா? நிரூபி, முடியாவிட்டால் பொய்யென்று காட்டு, பொய்யானால் எவ்வளவு தேறும் என்று பார் என்பதுதான் இந்த முகாம்களில் வரும் கணக்குகளுக்கு நிரந்தர உத்தரவு.

இப்படியொரு கேள்வி நாற்பது நிமிட வகுப்புக்குள் அடங்காது. மெஸ்ஸில் சாப்பிடும்போது கூடவே வரும், இரவு பதினொரு மணிக்கு விடுதிக் கூடத்துக் கரும்பலகையில் வந்து நிற்கும். அதனால்தான் வழிகாட்டிகளையும் அதே விடுதியில் தங்கவைக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் முன்னர் இதே முகாமுக்கு வந்துபோன கல்லூரி மாணவர்கள். மூன்று நான்கு பேருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். தாளைத் திருத்துவார்கள், மதிப்பெண் போட மாட்டார்கள். 'இந்த வரி எங்கிருந்து வந்தது?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தருவார்கள். பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை இரண்டு வயது மூத்த அக்காவிடம் கேட்டுவிடலாம். 2020இல் கொரோனா காலத்தில் இந்த முகாம்கள் இணையவழிக்குப் போயின. கணக்குத்தாளும் விரிவுரையும் இணையத்தில் நன்றாகவே போய்ச்சேர்ந்திருக்கும். ஆனாலும் கதவு திறந்ததும், செலவும் சிரமமும் கூடுதல் என்று தெரிந்தே, வளாகத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு அவர்கள் முன்னேறியதற்கு முகாமைக் காரணம் காட்டுவது என்ன நியாயம் என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான், முன்னாள் மாணவர் பட்டியலைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. சாரா கோஹோட்ஸ், ஹெலன் ஹோ, சில்வியா ராப்ளஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்கல்வியில் போதிய இடம் கிடைக்காத சமூகத்து மாணவர்களுக்காக அமெரிக்காவின் முன்னணித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று நடத்தும் கோடைத் திட்டங்களைப் பற்றியது அது. தகுதியானவர்களில் யாருக்கு இடம் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. திட்டத்தில் மூன்று வகை: ஆறு வார உறைவிட முகாம், ஒரு வார உறைவிட முகாம், ஆறு மாத இணையவழிப் படிப்பு. இவற்றில் மிகத் தீவிரமான வகையான ஆறு வார முகாம், நான்கு ஆண்டுகளில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெறுவோர் விகிதத்தை 33 சதவீதம் உயர்த்தியது. ஆறு வாரத்துக்கும் ஒரு வாரத்துக்கும் கால அளவே வேறு என்பதால், முழுப் பெருமையையும் விடுதிக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலனில் ஒரு பகுதி, அந்த மாணவர்கள் இன்னும் நல்ல கல்லூரிகளில் போய்ச் சேர்ந்ததால் வந்தது. ஒரு கோடையில் படித்த பாடம் ஐந்தாண்டு கழித்துப் பட்டம் வாங்கித் தராது. இந்த மாதிரி இடத்தில் நம்மாலும் இருக்க முடியும் என்று ஆறு வாரம் இருந்து பார்த்தது வாங்கித் தந்திருக்கலாம்.

தங்கிப் படிப்பதுதான் ரகசியம் என்றால், நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் இந்நேரம் கணித மேதைகளைக் கொட்டிக் குவித்திருக்க வேண்டாமா என்று தமிழ் வாசகர் கேட்கலாம். இங்கேதான் என் வாதத்தைக் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டும். விடுதி மட்டும் போதாது. விடுதியில் எதைச் செய்ய வைக்கிறோம் என்பது முக்கியம். விடை ஏற்கெனவே அச்சாகிவிட்ட கேள்வியை ஆயிரம் முறை எழுதிப் பழக்குவதற்கும் விடுதி உதவும். உதவுகிறது, ரிசல்ட்டும் வருகிறது. அங்கே மாலை நேரம் கண்காணிக்கப்படும் படிப்பு நேரம். ராஸ் பாணி முகாமில் மாலை நேரம் மாணவர் கையில் இருக்கிறது. கணித ஒலிம்பியாடுக்காக நம் நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சி முகாமும் தங்கிப் படிப்பதுதான், கணக்குகளும் அருமையானவை. ஆனால் முடிவில் ஆறு பேர் அணியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் நண்பராகவும் போட்டியாளராகவும் இருக்கும் விடுதியின் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஊரில் முதல் மாணவனாக இருந்தவன் இங்கே வந்து நடுவரிசைக்குப் போனால் மனம் உடைந்துவிடாதா என்பது இன்னொரு கவலை. இது வெறும் பயம் இல்லை. ஒரே அளவு திறமையுள்ள மாணவர், கெட்டிக்காரர்கள் நிறைந்த இடத்தில் இருக்கும்போது தன்னைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்று ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்தே காட்டிவந்திருக்கிறார். அந்த அடி எப்படியும் ஒருநாள் விழத்தான் போகிறது. பெரிய கல்லூரியின் முதல் செமஸ்டரில், மதிப்பெண் பட்டியலோடு சேர்ந்து விழுவதைவிட, மதிப்பெண்ணே இல்லாத ஒரு கோடையில், அதே அடியை வாங்கிய மூத்தவர் அடுத்த அறையில் இருக்கும்போது விழுவது மேல் என்றே நினைக்கிறேன்.

பணம் பற்றிய ஆட்சேபத்துக்கு எனக்கு முழுப் பதில் கிடையாது. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களின் விடுதிகளைக் கோடையில் வாடகைக்கு எடுத்து, அந்தப் பெயரைச் சொல்லிப் பெருந்தொகை வாங்கும் நிறுவனங்கள் நிறைய. அங்கே போய்வந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. இந்தியாவில் இதற்கு நேரெதிரான ஒரு முன்மாதிரி இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்காகப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய 'எம்.டி.டி.எஸ்.' என்ற நான்கு வாரக் கணிதப் பயிற்சி அது. தேசிய உயர் கணித வாரியத்தின் நிதி உதவியோடு, கோடையில் வெவ்வேறு ஊர்க் கல்வி நிறுவனங்களில் நடந்துவருகிறது. ஆசிரியர் சொல்வதைவிடக் கேட்பதே அங்கும் அதிகம். சிறிய ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. படிப்பவரும் விண்ணப்பிக்கலாம். பள்ளி மாணவர்களுக்கான முகாமைத் தேடும் பெற்றோர் பாடத்திட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, விடுதியில் யார் தங்குகிறார்கள், மாலை ஐந்து மணிக்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்வார்கள், தாளைத் திருத்துபவர் அவர்களோடு உட்கார்ந்து பேசுவாரா என்று கேட்டுப் பார்க்கலாம். சுற்றுலாப் பேருந்து நேரத்தையும் சான்றிதழ் விழாவையும் பற்றி மட்டுமே பதில் வந்தால், அந்தப் பணத்துக்கு நாலு நல்ல புத்தகம் வாங்கித் தரலாம்.