பரிசு வந்தது, பில் வரவில்லை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் பஸ் நெடுமங்காட்டைத் தாண்டி வித்துராவில் நிற்கிறது. அதற்கு மேல் கல்லாறு, பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலாப் பயணிகள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிற இந்தக் கடைவீதிதான் சுற்றுவட்டார மலைக் கிராமங்களுக்குச் சந்தை. பொன்முடி, போனக்காடு தேயிலைத் தோட்டங்களுக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்களும் சாமான் வாங்க இறங்கி வருவது இங்கேதான். தலைநகரம் சுமார் 40 கி.மீ. வரைபடத்தில் அது ஒரு தூரமே இல்லை. ஓடாத வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சர்வீஸ் ஆளை எதிர்பார்க்கும்போதுதான் அது தூரம்.

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன், வித்துராவில் வாழ்க்கைப்படும் தங்கைக்குக் கல்யாணப் பரிசாக ஒரு வாஷிங் மெஷின் வாங்கித் தருகிறார். விலைச் சீட்டைக் கிழித்தாகிவிட்டது. பில் அவர் சட்டைப் பையில். பரிசு கொடுப்பவர் விலையைக் காட்டக்கூடாது என்பது நம்மூர் நாகரிகம். நான்காவது மாதம் மெஷின் நின்றுவிடுகிறது. கம்பெனிக்கு போன் செய்தால் எதிர்முனையில் கேட்கும் முதல் கேள்வி: "பில் இருக்கா?"

இந்த ஒரு கேள்வியில்தான் பல வாரண்டிகள் செத்துப்போகின்றன. அண்ணனிடம் பில் கேட்பது, "நீ கொடுத்தது கெட்டுப்போச்சு" என்று சொல்வதற்குச் சமம். அவர் கடன் வாங்கித்தான் வாங்கினாரோ என்னவோ. அண்ணனை விடுங்கள், மாமியார் வீட்டில் அதைச் சொல்வது இன்னும் கஷ்டம். பிறந்த வீட்டிலிருந்து வந்த பொருள் பழுதானால் அது பொருளின் குறையாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. ஆகவே மெஷின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு, துவைக்கிற கல்லுக்குத் திரும்ப வேண்டியதுதான். லீவில் வரும் அண்ணன் கேட்டால் "நல்லா ஓடுது."

துணியை விலக்கிவிட்டுப் புகார் கொடுக்கத் துணிபவர்களுக்கும் பாதை சுலபமில்லை. வாரண்டி பொதுவாக பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது, பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அல்ல. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, தனிக்குடித்தனம் போகும் வரை கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால் பாதி வருடம் பேக்கிங்கிலேயே கழிந்துவிடும். அடுத்தது இடி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியும் மின்னலும் வாடிக்கை. மின்னல், வெள்ளம், வோல்டேஜ் ஏற்ற இறக்கம் ஆகியவற்றால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான வாரண்டி அட்டைகள் பொடி எழுத்தில் சொல்கின்றன. போர்டு போய்விட்டது என்றால், போனது மின்னலாலா, கோளாறாலா என்ற வாதத்தில் சொல் செல்வது மெக்கானிக்குக்குத்தான். வளைகுடாவிலிருந்து வரும் பரிசுகளின் கதை வேறு. அங்கே வாங்கிய போனுக்கு இங்கே வாரண்டி செல்லும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வாங்கிய நாட்டில் மட்டும் என்று கட்டுப்படுத்தும் கம்பெனிகள் உண்டு.

அதிசயம் என்னவென்றால், சட்டம் இந்தத் தங்கையை ஆரம்பத்திலேயே யோசித்து வைத்திருக்கிறது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், காசு கொடுத்து வாங்கியவரை மட்டும் நுகர்வோர் என்று சொல்லவில்லை. அவருடைய சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. 2019 சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது. அதாவது "நீங்கள் வாங்கவில்லையே" என்று கம்பெனி கைவிரிக்க முடியாது. பரிசு தையல் மெஷினாக இருந்து, அதில் தைத்து அவர் பிழைப்பு நடத்தினாலும் உரிமை போய்விடாது. சுயமாக ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் விளக்கிவிட்டது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கு அது. நிறைவேற்றப்படும் என்று நம்ப இடமே இல்லாத வாரண்டியைத் தருவது முறையற்ற வணிகம் என்றும் சட்டம் சொல்கிறது. சர்வீஸ் ஆளே எட்டிப் பார்க்காத ஊர்களில் பொருளை விற்கும் கம்பெனிகள் இந்த வரியைப் படித்துப் பார்க்கலாம்.

முன்பு இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. பழைய சட்டப்படி, கம்பெனி இயங்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் செய்ய முடியும். சென்னையில் வாங்கிய பரிசுக்காகச் சென்னைக்கே போகவேண்டிய நிலை வரலாம். புதிய சட்டம் 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்தபின், புகார்தாரர் வசிக்கும் மாவட்டமே போதும். வித்துராக்காரருக்கு அது திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. கேட்டுக்கொண்டால் வீடியோ மூலம் விசாரிக்கவும் வழி உண்டு. காரணம் எழுந்து 2 வருடத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் ஒரு படி, 1915 என்ற தேசிய உதவி எண். தமிழ், மலையாளம் உட்பட 17 மொழிகளில் பேசலாம். ஆனால் அது புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பேசிப் பார்க்குமே தவிர, உத்தரவு போடாது.

ஆணையத்துக்குப் போனால் புதுப் பொருள் கிடைத்துவிடுமா? அங்கேதான் ஏமாற்றம். பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே வாரண்டி சொன்னால் முழுப் பொருளையும் மாற்றச் சொல்ல முடியாது என்று ஒரு மாருதி கார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் 2004-ல், பழுதான காரைப் புதியதென்று விற்க முயன்றது வெட்கக்கேடு என்று கண்டித்தும் இருக்கிறது. உற்பத்திக் குறை என்று நிரூபிக்கச் சில சமயம் ஆய்வகச் சோதனை தேவைப்படும். அதற்கான பணத்தைப் புகார்தாரர்தான் முதலில் கட்டவேண்டும். 3 மாதம், சோதனை இருந்தால் 5 மாதம் என்பது சட்டம் சொல்லும் காலக்கெடு. நடைமுறையில் வழக்குகள் அதைத் தாண்டி இழுக்கின்றன.

அதுவரை கையில் இருக்கவேண்டியது காகிதம். சர்வீஸ் ஆள் வந்துபோன ஒவ்வொரு தடவையும் ஜாப் ஷீட்டில் தேதியும் கோளாறும் எழுதி வாங்காவிட்டால், "ஒரு தடவைதான் புகார் வந்தது" என்பார்கள். வாரண்டி முடிவதற்கு முன்பே கோளாறு சொல்லப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. பில் தொலைந்திருந்தால் கடையில் நகல் கேட்கலாம். கார்டிலோ போனிலோ பணம் கட்டிய பதிவும் உதவும். பில்லே தராமல் விற்றிருந்தால் அதுவும் தவறுதான் என்கிறது 2019 சட்டம்.

அண்ணன்மார்களுக்கு இருக்கும் வேலை சின்னது. பில்லை ஒரு உறையில் போட்டு, வாரண்டி அட்டையோடு பெட்டிக்குள் வைத்துவிடலாம். விலை தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் உறையை ஒட்டிவிடலாம். ஆனால் உள்ளே வைக்கவேண்டியது ஜெராக்ஸ். இப்போது கடைகளில் தரும் மெஷின் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வித்துராவின் ஒரு மழைக்காலம் முடிந்து உறையைப் பிரித்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும்.